அவர் டப்பாவில் என் சிறுநீர்

நாங்கள் பம்மலில் குடியிருக்கிறோம். என் கணவர் தாம்பரம் பக்கம் புது ஃபிளாட்டுகளுக்குக் கரையான் மருந்து அடிக்கிறார். மருந்து கிட்னியைக் கெடுக்கிறதா என்று பார்க்க, வருஷா வருஷம் கம்பெனியில் சிறுநீர் பரிசோதனை உண்டு. ரிப்போர்ட் சரியில்லை என்றால் வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள்.

போன வருஷம் பரிசோதனை அன்று காலையில் டப்பாவை என்னிடம் நீட்டினார். "நான் மருந்துலயே கீறேன், என்னுது கெட்டுப் போயிருக்கும். நீ வூட்லதானே கீற, உன்னுத புடிச்சுக் குடு." கொடுத்தேன்.

ரிப்போர்ட் வந்த அன்று கத்திக்கொண்டே வந்தார். "இன்னாடி குடுத்த? கிட்னி போச்சாம், வேலைக்கு வராதன்றான்!" டப்பா மாறிவிட்டது என்று கம்பெனியில் கெஞ்சி, மறுநாள் தன்னுடையதைக் கொடுத்தார். அதில் ஒரு குறையும் இல்லை. வேலைக்குப் போய்விட்டார். உனக்கு என்ன ஆச்சு என்று என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆஸ்பத்திரிக்கு நானே போனேன். அவர் வேலையைக் கேட்ட டாக்டர், "அந்தத் துணியெல்லாம் யாரும்மா துவைக்கிறது?" என்றார். அப்போதுதான் உறைத்தது. மருந்தைத் தொட அவருக்குக் கம்பெனி கையுறை கொடுத்திருந்தது. மருந்தில் நனைந்த சட்டையை இத்தனை வருஷமும் வெறுங்கையால் கசக்கியது நான்.

இப்போது டயாலிசிஸுக்குப் போய் வருகிறேன். அந்தச் சட்டையை நான் தொடுவதில்லை. அவரே துவைத்துக்கொள்கிறார், மறக்காமல் கையுறை போட்டுக்கொண்டு.