இருபத்தேழு காலிங் பெல் சுவிட்சுகள்

எங்கள் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் எட்டு மாதம் ஒரு கம்ப்யூட்டர் சும்மா உட்கார்ந்திருந்தது. அதன் மேல் அம்மா பின்னிய லேஸ் துணி. ஒரு பக்கம் பித்தளை ஈஃபில் கோபுரம், மறுபக்கம் காலியான மூன்று சென்ட் பாட்டில்கள். நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கொண்டுவந்தவர் பெரியப்பா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்து ஓய்வு பெற்றவர், எங்கள் ஊர்ப் பேச்சில் 'சொல்தா'. குடும்பம் பிரான்சில், லீவுக்கு வந்தால் நெல்லித்தோப்பில் எங்கள் வீட்டில் தங்குவார். அவருடைய மகன் புதிதாக வேறொன்று வாங்கிக்கொண்டு இதைத் தூக்கிப் போட்டிருந்தான். எங்கள் ஊரில் பிரான்ஸ் சாமானுக்கு ஒரு மரியாதை உண்டு: யாரும் அதைப் பயன்படுத்த மாட்டார்கள். சோப்பாக இருந்தாலும் சரி, பிஸ்கட் டப்பாவாக இருந்தாலும் சரி, நேரே கண்ணாடி அலமாரிக்குப் போகும். விருந்தாளி வந்தால் காட்டுவோம். அவர் "அடேயப்பா" என்பார். அத்தோடு அந்தச் சாமானின் வேலை முடிந்தது.

அலமாரிக்கு நேர் எதிரே நாற்காலியில் என் தங்கை உட்கார்ந்திருப்பாள். பதினான்கு வயது. பிறந்ததிலிருந்தே கையும் காலும் அவள் சொன்னபடி கேட்காது. நாக்கும் கேட்காது. வாயைத் திறந்தால் சத்தம் வரும், சொல் வராது. பேனாவைக் கொடுத்தால் கை எங்கோ இழுத்துக்கொண்டு போகும். கோரிமேட்டு ஆஸ்பத்திரி டாக்டர் தெளிவாகச் சொன்னார், "புத்தியில ஒரு கொறையும் இல்லம்மா" என்று. எங்கள் உறவில் ஒருத்தராவது அதைக் காதில் வாங்கவேண்டுமே! வருகிறவர்களெல்லாம் அவள் முகத்துக்கு நேரே குனிந்து "சாப்ட்டியாம்மா?" என்று தெருமுனை வரை கேட்கும்படி கத்துவார்கள். பிறகு என் பக்கம் திரும்பி, "சாப்ட்டாளா?" என்பார்கள்.

நான்தான் பதில் சொல்வேன். எனக்கு வாய் நீளம், தெருவே பயப்படும். இரண்டு பேருக்கும் சேர்த்து நான் ஒருத்தியே பேசிக்கொண்டிருந்தேன். சில நேரம் நான் சொல்வது பிடிக்காவிட்டால் நாற்காலிக் கையை ஓங்கி அடிப்பாள். "கோவத்த பாரு, என்ன மாதிரியே" என்று சிரித்துவிட்டு மேலே பேசுவேன்.

நான் படித்த காலத்தில் பக்கத்தில் உட்கார்ந்தே அவள் தமிழ், இங்கிலீஷ் எழுத்தெல்லாம் கற்றுக்கொண்டாள். புத்தகத்தில் விரலை ஓட்டிக்கொண்டே போனால் சரியான எழுத்து வந்ததும் கண்ணை இறுக மூடித் திறப்பாள். யாரும் நம்பவில்லை. "நீயா ஒண்ணு கட்டி உடற" என்றார்கள். மூன்று பள்ளிக்கூடங்கள் வாசலோடு திருப்பி அனுப்பின. நான்காவது பள்ளியின் தலைமையாசிரியை மட்டும் உட்காரச் சொன்னார்.

"நான் கேக்கறதுக்கு அவளே பதில் சொல்லணும். நீ கைய புடிக்கக்கூடாது, நீ சொல்லக்கூடாது. சொல்லிட்டான்னா ஜூன்ல சேத்துக்கறேன். இல்லன்னா மன்னிச்சுக்கம்மா."

அதற்கு மேல் தட்ட வேறு கதவு இல்லை.

நான் பாலிடெக்னிக் முடித்துவிட்டு ஒரு பாயின் டிவி ரிப்பேர் கடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். ஏப்ரலில் பெரியப்பா மறுபடி வந்ததும் நேராகக் கேட்டுவிட்டேன். "பெரிப்பா, தங்கச்சிக்காக அந்த மிஷின தொறந்து மாத்தப் போறேன்."

"நோன், நோன்! பிரான்ஸ் சாமான் அது. இங்க இருக்கறவங்க கை வெச்சா செத்துடும்."

"இப்ப மட்டும் உசுரோடவா இருக்குது? எட்டு மாசமா துணி போத்தி வெச்சிருக்கோம்."

"ஐயோ, பெரியவங்ககிட்ட இன்னா பேச்சுடி இது!" என்று அம்மா பதறினாள். பெரியப்பா எழுந்து உள்ளே போய்விட்டார். மறுநாள் காலை அவர் கோயிலுக்குப் பூசைக்குப் போன நேரம் பார்த்து, லேஸ் துணியை உருவி எறிந்துவிட்டு, மிஷினைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன். சொல்லாமல் எடுத்தது தப்புதான். இன்றைக்கும் அதற்காக நான் வருத்தப்படவில்லை.

முதல் சண்டை டிவியோடு. அந்தக் காலக் கம்ப்யூட்டர் பொத்தான் வைத்த ஒரு தட்டைப் பெட்டிதான், அதற்குத் தனியாகத் திரை கிடையாது, டிவியில்தான் படம் வரும். அந்த மிஷின் பிரான்ஸ் டிவிக்கென்றே செய்தது. சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று கம்பியில் தனித்தனியாகப் படத்தை அனுப்பும். பாய் கடையில் கிடந்த நம் ஊர்க் கறுப்பு வெள்ளை டிவிக்கு இருப்பதோ ஆன்டெனா சொருகும் ஓட்டை ஒன்றுதான். மூன்று கம்பியையும் மூன்று ரெசிஸ்டர் வழியாக ஒன்றாக்கி, படத்தை ஓடாமல் நிறுத்தும் நான்காவது கம்பியையும் சேர்த்து, டிவிக்குள்ளேயே கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று முடிவு செய்தேன். சேர்க்கப் போன நேரம் பாய் ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கினார்.

"இன்னாம்மா பண்ற? அந்த டிவி செட்டோட இரும்புச் சட்டத்துலயே கரண்டு நிக்குது. மிஷினும் போயிடும், அத்த தொடற புள்ளயும் போயிடும்!"

கம்பியைக் கீழே போட்டேன். கடைக்கு வருகிறவர்களுக்கு நானே தினமும் சொல்லும் எச்சரிக்கை அது. பெரியப்பா மேல் இருந்த கோபத்தில் மறந்து தொலைத்திருக்கிறேன். ஒரே மாதிரியான இரண்டு டிரான்ஸ்பார்மரை முதுகோடு முதுகாகச் சேர்த்து, வீட்டுக் கரண்டு நேரே டிவிக்குப் போகாமல் தடுத்தேன். டெஸ்டரை வைத்துப் பத்து தடவையாவது பார்த்திருப்பேன். அதற்குப் பிறகுதான் அடுத்த வேலையில் கை வைத்தேன்.

அடுத்தது பொத்தான்கள். ரப்பரில், சுண்டுவிரல் நகம் அளவுக்கு. அவள் கை விழுந்தால் ஒரே நேரத்தில் ஐந்து அமுங்கும். இதைச் செய்தவனுக்கு உலகத்தில் எல்லாருடைய பத்து விரலும் சொன்னபடி கேட்கும் என்று நினைப்பு! கழற்றிப் பார்த்தால் ஒரு பொத்தான் செய்கிற வேலை இரண்டு கம்பியைத் தொடவைப்பது, அவ்வளவுதான். அதற்கு வாசலில் வைக்கும் காலிங் பெல் சுவிட்ச் போதாதா? இங்கிலீஷ் எழுத்துக்கு இருபத்தாறு, இடைவெளிக்கு ஒன்று. நீளமான பலகையில் இருபத்தேழையும் முடுக்கி, மேலே வட்ட வட்டமாக ஓட்டை போட்ட பிளைவுட் பலகை ஒன்றைப் பொருத்தினேன். கை எப்படி இழுத்தாலும் பிளைவுட் மேலே வழுக்கிக்கொண்டு போகும். விரலை ஓட்டைக்குள் இறக்கினால்தான் எழுத்து விழும்.

டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் பழகிய வரிசையிலேயே கண்ணை மூடிக்கொண்டு கம்பி கொடுத்திருந்தேன். 'ஏ'யை அழுத்தினால் திரையில் 'க்யூ' வந்தது. பிரெஞ்சுக்காரன் எழுத்துகளை வேறு வரிசையில் வைத்திருக்கிறான்! கடையே திரும்பிப் பார்க்கும்படி கத்திவிட்டு, கம்பிகளைப் பிடித்திருந்த ஈயத்தை உருக்கிப் பிரித்து எல்லாவற்றையும் அவன் வரிசைப்படி மறுபடி கொடுத்தேன்.

அந்த டிவியை வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டு, அவள் விரல் இறங்கி, திரையில் முதல் எழுத்து விழுந்தபோது அம்மா அழுதாள். பெரியப்பா என்ன செய்தார் தெரியுமா? அன்று மாலையே தெருவில் நின்று, "இவளுக்காகவே அங்க பாத்துப் பாத்து வாங்கியாந்தேன்" என்று எல்லோரிடமும் சொன்னார்.

இரண்டு வாரம் அவளுக்குப் பயிற்சி. மிஷினுக்குத் தமிழ் தெரியாது. தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடிக்கவேண்டும். தலைமையாசிரியை என்னென்ன கேட்பார் என்று நானே யோசித்து, நானே பதில் எழுதி, அதையே திரும்பத் திரும்ப அடிக்க வைத்தேன். 'எனக்குப் படிக்க ஆசை.' 'கணக்கு பிடிக்கும்.' நடுவில் அவள் வேறு ஏதோ எழுத்தைத் தேடிப் போவாள். "அது இல்ல, இது" என்று அழித்துவிடுவேன். நாற்காலியை அடிப்பாள். களைத்துவிட்டாள் என்று நினைத்து டிவியை அணைத்துவிடுவேன்.

அந்த நாளும் வந்தது. ஒரு ரிக்‌ஷாவில் தங்கையும் அம்மாவும், இன்னொன்றில் டிவியும் மிஷினும் டிரான்ஸ்பார்மரும் பலகையும் நானும். தலைமையாசிரியை அறையில் எல்லாவற்றையும் மேசை மேல் பரப்பி, டெஸ்டர் வைத்துப் பார்த்து, போட்டேன். படம் வந்தது.

"பள்ளிக்கூடம் எதுக்கும்மா வரணும் உனக்கு?" அவரும் தங்கையிடம் கத்தித்தான் கேட்டார். கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"அவளுக்குக் கணக்குன்னா உசுரு டீச்சர், எது கேட்டாலும்..."

"அவ சொல்லட்டும்."

"சொல்லுவா டீச்சர். கொஞ்சம் நேரமாகும், ஆனா எல்லாம் தெரியும். வீட்டுல பாத்தீங்கன்னா..."

அவள் கை பிளைவுட் மேல் இழுத்துக்கொண்டு போனது, திரும்பி வந்தது, இறங்கியது. ஒவ்வோர் எழுத்தாக 'அக்கா' என்று விழுந்தது.

"பாருங்க டீச்சர், என்னத்தான் கூப்புடறா! அதாவது, என்ன மாதிரியே படிக்கணும்னு..."

தங்கை நாற்காலிக் கையை ஓங்கி அடித்தாள். பிறகு மறுபடி பலகையில் கையை வைத்தாள். நான் சொல்லிக்கொடுக்காத எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன. பாதி வருவதற்குள்ளேயே எனக்குப் புரிந்துவிட்டது. அம்மா திரையைப் பார்த்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

'அக்கா வாய மூடு நான் சொல்றேன்.'

எனக்கு வந்த கோபத்தில் முகமெல்லாம் எரிந்தது. யார் மேல் பாய்வது என்று தேடினேன். மிஷினை அலமாரியை விட்டு எடுக்கவிடாத பெரியப்பா அந்த அறையில் இல்லை. இத்தனை வருஷம் அவளைப் பேசவிடாமல் பேசியவள் மட்டும்தான் இருந்தாள்.

தலைமையாசிரியை சிரிக்கவில்லை. என் பக்கம் போட்டிருந்த நாற்காலியை அவள் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

"சொல்லும்மா," என்றார், இந்தத் தடவை கத்தாமல். "எவ்ளோ நேரமானாலும் பரவால்ல."

நான் வாயை மூடிக்கொண்டேன். அவள் அடுத்த எழுத்தைத் தேட ஆரம்பித்தாள்.