மொட்டை பங்களாவின் ஒழுகல்

மலேசியாவில், சுங்கை பட்டாணியில் என் மகன் புது வீடு கட்டியிருக்கிறான். ஒரு சதுரப் பெட்டி, அதன்மேல் இன்னொரு சதுரப் பெட்டி. கூரை கண்ணுக்குத் தெரியாது, தெரியவும் கூடாதாம். வெள்ளைச் சுவர், கறுப்புக் கம்பி, மூலையைச் சுற்றிக்கொண்டு போகும் ஒரே நீளக் கண்ணாடி. "இதுதாம்மா இப்ப ஸ்டைல். சிம்பிளா இருக்கணும் லா," என்று கடைக்கால் தோண்டும்போதே சொன்னான். முதல் பெருமழையில் மாடி அறை ஒழுகியது. அவன் கண்ட்ரெக்டரைப் போனில் பிடித்துக் கத்திக்கொண்டிருந்தான். நான் ஒரு வாளியைச் சொட்டுக்குக் கீழே வைத்துவிட்டு, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கும். அந்தச் சத்தம் இல்லாவிட்டால் அவனே பிறந்திருக்க மாட்டான்; அது அவனுக்குத் தெரியாது.

ஸ்டைலும் புதிதில்லை. ஜப்பான்காரன் வருவதற்குக் சில வருஷம் முன்பு, கோலா கெத்தில் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரை இதே மாதிரி ஒரு வீட்டைக் கட்டினார். பழைய பங்களா மரத்தில் கட்டியது. தரைக்குக் கீழே காற்று போகும், மேலே செங்குத்தான கூரை, சுற்றிலும் அகலமான வராந்தா. அதில் ஒரு குறையும் இல்லை. துரைக்கு அதுதான் குறை. பினாங்கிலிருந்து ஒரு வெள்ளைக்கார இளைஞன் சுருட்டிய வீட்டு வரைபடங்களோடு காரில் வந்தான். வீட்டுக்கு இனி அலங்காரம் கூடாது, நீட்டிய கூரை கூடாது, கப்பல் எப்படித் தேவைக்கு மட்டும் கட்டப்படுகிறதோ அப்படித்தான் வீடும் இருக்க வேண்டும் என்று கையை ஆட்டி விளக்கினான். உலகம் முழுக்க அப்படித்தான் கட்டப்போகிறார்களாம். ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி அதை எங்களுக்குத் தமிழில் சொன்னார்.

"இனிமே வீட்டுக்கு மீசை தாடி ஒண்ணும் வேணாமாம்."

அன்றைக்கே பெயர் விழுந்துவிட்டது: மொட்டை பங்களா.

தட்டையான சிமெண்டுத் தளம், வளைந்த மூலை, மாடியைச் சுற்றிக் கப்பல் தளத்தில் இருப்பதுபோல் இரும்புக் குழாய்க் கைப்பிடி. கப்பலுக்கு உள்ள எல்லாம் அதற்கு இருந்தது, தண்ணீர் உள்ளே வராமல் இருப்பதைத் தவிர. கெடாவில் மழை எப்படிப் பெய்யும் என்று அந்தப் பையனுக்கு யாரும் சொல்லவில்லை. கம்பத்துக் கிராமங்களில் மலாய்க்காரர் வீட்டையோ பட்டணத்துச் சீனர் கடைவரிசையையோ ஒரு தடவை திரும்பிப் பார்த்திருந்தால், கூரை ஏன் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று அவையே சொல்லியிருக்கும். என் வீட்டுக்காரர் தோட்டத்துக் கொத்தனார். வருஷா வருஷம் தளத்துக்குத் தார் பூசுவது அவர் வேலையானது. தார் இருக்கும்வரை ஒழுகல் அடக்கமாக இருந்தது.

எங்களுக்குக் கல்யாணமான வருஷமே ஜப்பான்காரன் வந்தான். துரை காரில் ஏறி ஓடினார். தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள வந்த ஜப்பான் அதிகாரி மொட்டை பங்களாவைச் சுற்றிச் சுற்றி வந்து, சுவரைத் தடவிப் பார்த்தான். அவனுக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. தோட்டத்திலேயே அந்த வீடு பிடித்துப்போன ஒரே ஆள் அவன்தான். இந்த வீட்டை இங்கே எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று கிராணியிடம் மலாயில் கேட்டான். கிராணி உண்மையைச் சொல்லிவிட்டார்: "ரூமா போத்தாக், துவான்." ரூமா என்றால் வீடு, போத்தாக் என்றால் மொட்டை, துவான் என்றால் ஐயா. அதிகாரியின் தலையும் மழித்த தலை. கிராணிக்கு விழுந்த அறை ரப்பர் ஸ்டோர் வரைக்கும் கேட்டது. நாங்கள் அவனையும் மொட்டை என்றுதான் சொல்வோம் என்பது அவனுக்குத் தெரியாமலே போனது நல்லது.

அடுத்த மழைக்காலத்தில் தார் கிடைக்கவில்லை. மொட்டை ஒழுகியது. மேலே ஒரு அத்தாப்பு ஓலைக் கூரை போட்டுவிடலாம் என்று கிராணி கன்னத்தைத் தடவிக்கொண்டே சொன்னார். அதிகாரி மறுத்துவிட்டான். ஓலை போட்டால் வீட்டின் அழகு போய்விடுமாம். கொத்தனாரே அடைக்கட்டும் என்று உத்தரவு.

சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்த காலம் அது. காலையில் பேர் கூப்பிடும் பிரட்டுக்கு ஆண்களை வரிசையாக நிற்க வைப்பார்கள். அதிகாரி நடந்துகொண்டே கையைக் காட்டுவான். கை யாரைக் காட்டுகிறதோ அவர் அன்றைக்கே லாரியில் ஏற வேண்டும். போனவர்களிடமிருந்து ஒரு தகவலும் வரவில்லை. ஒரு நாள் அந்தக் கை என் வீட்டுக்காரருக்கு நேராக வந்தது.

"இவன்தான் துவான், பங்களா ஒழுகலை அடைக்கிறவன்," என்றார் கிராணி.

"ஒழுகல் நின்றதும் இவன் போவான்," என்று சொல்லிவிட்டு அதிகாரி கையை நகர்த்தினான். அது பக்கத்தில் நின்றவரைக் காட்டியது. அவர் கூலிக்காரர் லயத்தில் எங்களுக்கு அடுத்த வீட்டுக்காரியின் புருஷன்.

அன்று முதல் என் பிழைப்பு அந்த ஒழுகலில் தொங்கியது. ஊரில் மற்றப் பெண்கள் மாரியம்மனிடம் மழை கேட்டார்கள், நோய் தீரக் கேட்டார்கள். நான் சிமெண்டில் விரிசல் கேட்டேன். அம்மனுக்கே அது புது வேண்டுதலாக இருந்திருக்கும்.

அம்மனைக்கூடச் சமாளித்துவிடலாம், என் வீட்டுக்காரரைச் சமாளிப்பதுதான் கஷ்டமாக இருந்தது. அவருக்கு அரைகுறையாக வேலை செய்ய வராது. வாங்க ஆளில்லாமல் ரப்பர் பால் வீணாய்க் கிடந்தது. அவர் சாக்கை விரித்தார், பாலை ஊற்றினார், சுண்ணாம்பைத் தூவினார், மறுபடி சாக்கு, மறுபடி பால். வெயிலில் காயவைத்துத் தட்டிப் பார்த்தார். அடுத்த பெருமழையில் பங்களாவுக்குள் ஒரு சொட்டு விழவில்லை. அதிகாரி அவருக்கு ஒரு சிகரெட் கொடுத்தான். அதைக் காதில் செருகிக்கொண்டு சிரித்தபடி வீட்டுக்கு வந்தார் மனுஷன்.

"ஏங்க, ஒழுகல் நின்னா என்ன ஆகும்னு தெரியுமில்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சா அடைச்சீங்க?"

"கை கேக்கல புள்ள," என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் மரவள்ளிக்கிழங்குச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கித் தொப்பென்று வைத்தேன். கோபத்துக்கு அடியில் இருந்தது பயம். அடுத்த லாரி வரப்போவதாகப் பேச்சு அடிபட்டது.

மறுநாள் அதிகாரி சுங்கை பட்டாணிக்குப் போயிருந்தான். என் வீட்டுக்காரர் சுண்ணாம்புக்குப் போயிருந்தார். நான் சித்தாள் மாதிரி தலையில் வாளியை வைத்துக்கொண்டு அவருடைய ஏணியில் ஏறினேன். வாளிக்குள், தினமும் ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கும் என் பால்வெட்டுக் கத்தி. தளத்தில் மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று பார்த்தேன். மரத்தில் எப்படிக் கோடு போடுவோமோ அதே மாதிரி, இடது மேலிருந்து வலது கீழாகச் சரிவாக அவருடைய ரப்பர்ப் பூச்சில் ஒரு கோடு இழுத்தேன். மரத்தில் கோடு முடியும் இடத்தில் பால் பிடிக்கும் மங்கு இருக்கும். இங்கே, தளத்துக்கு நேர் கீழே, அதிகாரியின் கட்டில் இருந்தது.

மழை வந்தது. மொட்டை நனைந்தான்.

அவன் என் வீட்டுக்காரரை ஏணியில் ஏற்றி, தானும் பின்னால் ஏறினான். நான் கீழே வாளியோடு நின்றேன். என் வீட்டுக்காரர் குனிந்து அந்தக் கோட்டைப் பார்த்தார். யாருடைய வெட்டு என்று அவருக்குத் தெரியாதா? தோட்டத்தில் ஒவ்வொருத்தி வெட்டும் ஒரு விதம். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் மரப்பட்டையைப் பார்த்தே ஆளைச் சொல்லித் திட்டுவார். ரப்பர் தெரியாத அதிகாரிக்கு அது வெறும் கோடு. என்ன இது என்று கேட்டான்.

"போத்தாக், துவான். பானாஸ். பெச்சா," என்றார் இவர். மொட்டைத் தளம், வெயில், வெடித்துவிட்டது.

போத்தாக் என்ற சொல்லுக்கு ஒரு அறை விழுந்தது. மற்ற இரண்டு சொல்லையும் அவன் நம்பினான். சீக்கிரம் அடை என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.

இவர் அடைத்தார், ஒழுங்காகவே அடைத்தார். நான் மழைக்கு ஒரு வெட்டுப் போட்டேன். பழைய கோட்டுக்குக் கீழே புதுக் கோடு, மரத்துக்கு உள்ள முறைதான். வீட்டில் நாங்கள் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. லாரிகள் வந்து போயின. ஒவ்வொரு தடவையும் கை அவரைத் தாண்டி வேறு யாரையோ காட்டியது.

ஜப்பான்காரன் தோற்றுப்போன செய்தி வந்த அன்று, யாரும் சொல்லாமலே இவர் ஏணியைத் தூக்கிக்கொண்டு போய் எல்லாக் கோடுகளையும் அடைத்துவிட்டு வந்தார். திண்ணமான வேலை. பிறகு திரும்பிவந்த துரை, வீடு ஒழுகவே இல்லையே, கட்டினவன் கெட்டிக்காரன் என்று பினாங்குக்காரனைப் புகழ்ந்தாராம்.

ஒழுகலை அடைத்த அன்று சாயங்காலம் வாசலில் கை கழுவிக்கொண்டே இவர் முதல் தடவையாக அதைப் பற்றிப் பேசினார்.

"உன் வெட்டு ரொம்ப ஆழம் புள்ள. மரமா இருந்தா பட்டுப்போயிருக்கும்."

நான் சிரித்துவிட்டேன். அத்தனை மாதமும் அடக்கி வைத்திருந்ததெல்லாம் சேர்ந்து வந்த சிரிப்பு. சத்தம் பலமாகத்தான் இருந்திருக்க வேண்டும். அடுத்த வீட்டுக்காரி வேகமாக வெளியே வந்து எட்டிப் பார்த்தாள். சயாமிலிருந்து ஆட்கள் திரும்பிவிட்டார்கள் என்று நினைத்திருக்கிறாள்.