காலர் இருந்தது, ரோஸி இல்லை

சென்ற செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணி. என் கையில் நாய்க்கயிறு இருந்தது. கயிற்றின் நுனியில் காலர் இருந்தது. காலருக்குள் நாய் இல்லை.

நாயைத் தவற விட்டவன் முதலில் என்ன செய்வான் தெரியுமா? அந்தக் காலரையே திருப்பித் திருப்பிப் பார்ப்பான். உள்ளே எங்காவது ஒளிந்திருக்குமோ என்று!

ரோஸி எங்கள் வீட்டுக்கு வந்து அன்றோடு பன்னிரண்டு நாள். பழுப்பு நிற நாட்டு நாய். ஐந்து வயது இருக்கும் என்றார்கள். பெரிய முதலியார்சாவடியில் வீட்டைக் காலி செய்த யாரோ, கட்டில் பீரோவையெல்லாம் லாரியில் ஏற்றிவிட்டு, இவளை மட்டும் கேட்டில் கட்டிவிட்டுப் போய்விட்டார்களாம். இடையஞ்சாவடிப் பக்கம் இப்படிப்பட்ட நாய்களைப் பராமரிக்கும் ஒரு பெண்மணி மீட்டு வைத்திருந்தார். நானும் என் மனைவி கலாவும் போய் அழைத்து வந்தோம்.

வந்த நாளிலிருந்து கட்டிலுக்கு அடியில்தான் வாசம். நாங்கள் பார்த்தால் சாப்பிட மாட்டாள். குக்கர் விசில் அடித்தால் நடுங்குவாள். நான் சும்மா இருப்பேனா? யூடியூப் பார்த்துவிட்டு, இந்த ஐம்பத்தெட்டு வயதில் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு, “ரோஸி, கம்... ரோஸி, சிட்” என்று காலையும் மாலையும் வகுப்பு எடுத்தேன். மாணவி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

அந்தப் பெண்மணி இரண்டே விஷயம்தான் சொல்லியிருந்தார். மூன்று வாரத்துக்கு வெளியே கூட்டிப் போகக் கூடாது. காலருக்கும் கழுத்துக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைய வேண்டும், அதற்கு மேல் கூடாது.

இரண்டையும் மீறினேன். பாவம், கழுத்து இறுக்குமே என்று காலரை ஒரு ஓட்டை தளர்த்தினேன். பாவம், எத்தனை நாள்தான் கட்டிலடியில் கிடப்பாள் என்று வெளியே கூட்டிப் போனேன். நாம் பாவம் பார்க்கிறோமே... அதில் பாதி நம்முடைய சந்தோஷத்துக்குத்தானோ?

எங்கள் வீட்டுக்கு எதிரே உப்பளம்; நடுவே ஈசிஆர், அதாவது கிழக்குக் கடற்கரைச் சாலை. சாலையைக் கடந்து உப்பள ஓரமாக நடந்தோம். பத்து நிமிடம் ஒழுங்காகத்தான் வந்தாள். திடீரென்று பின்னால் ஒரு பஸ் ஏர்ஹாரன் அடித்தது. ரோஸி துள்ளிப் பின்வாங்கினாள், தலையைக் கீழே இழுத்தாள் — அவ்வளவுதான். வரப்பின் மேல் பாய்ந்துவிட்டாள்.

நானும் “ரோஸீ!” என்று கத்திக்கொண்டே ஓடினேன். நான் ஓட ஓட, அவளும் ஓடினாள். மூன்றாவது வரப்பில் வழுக்கி, முழங்கால் வரை உப்புத் தண்ணீரில் இறங்கினேன்.

பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்து பார்த்தார். அஞ்சலை என்று பெயர், பிறகு தெரிந்துகொண்டேன்.

“ஏன் சார் அத்தப் போயி தொரத்துறீங்க? நீங்க ஓடியாறதப் பாத்தா எனக்கே பயமா இருக்குது.”

“ரோட்டுக்குப் போயிட்டா வண்டில அடிபட்டுடும்மா!”

“ரோடு இருக்கட்டும் சார். வெயிலு ஏறுனா தாகம் எடுக்கும். இந்தப் பாத்தித் தண்ணியக் குடிச்சிட்டா? போன வருசம் ஒரு ஆட்டுக்குட்டி குடிச்சிட்டு இங்கதான் சுருண்டு வுழுந்துச்சு.”

சாலையை நினைத்துப் பயந்தவனுக்கு, சுற்றியிருந்த தண்ணீர் முழுவதும் இப்போது பயமாகிவிட்டது.

ரோஸியைக் கொடுத்த பெண்மணிக்கு போன் போட்டேன். திட்டவில்லை. “ஓடாதீங்க சார். கூப்பிடாதீங்க. உக்காந்துடுங்க. அது பக்கம் திரும்பிக்கூடப் பாக்காதீங்க” என்றார்.

கலாவுக்குச் சொன்னேன். அவள் குடையோடு வந்து சாலை ஓரத்தில் காவல் நின்றாள். அஞ்சலை தன் சாப்பாட்டுத் தூக்கின் மூடியில் குடிதண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தேன்.

உட்காருவது என்ன பெரிய வேலையா? நீங்கள் உட்கார்ந்து பாருங்கள்! பிடரியில் வெயில். காலில் உப்பு காய்ந்து எரிகிறது. ரோஸி எங்கே இருக்கிறாள் என்று ஓரக்கண்ணால் மட்டும் பார்க்கலாம். அரை மணி... ஒரு மணி...

நாக்கைத் தொங்கவிட்டபடி அவள் ஒரு பாத்தி ஓரம் நின்றாள். குனிந்தாள்.

“வேணாம்!” என்ற சத்தம் தொண்டை வரை வந்துவிட்டது. கத்தினால் இன்னும் தூரம் ஓடுவாள். கத்தாவிட்டால் குடித்துவிடுவாள். வாயைக் கையால் பொத்திக்கொண்டேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான அரை நிமிடம் வேறு இல்லை.

நாக்கு தண்ணீரில் பட்டது. தலையைச் சிலுப்பினாள். துப்புவதுபோல் ஏதோ செய்தாள். விலகினாள்.

அப்புறம் மெதுவாக என் பக்கம் நடக்க ஆரம்பித்தாள். நான்கு அடி வைப்பாள், நிற்பாள். மறுபடி நான்கு அடி. கடைசியில் என் முழங்கைக்குப் பக்கத்தில் தண்ணீர் குடிக்கும் சளக் சளக் சத்தம். நான் பக்கத்தில் இருக்கும்போது அவள் குடித்த முதல் தண்ணீர் அது.

கயிற்றைச் சுருக்காக்கி, குடித்துக்கொண்டிருந்தவளின் கழுத்தில் மெல்லப் போட்டேன். திமிறவில்லை. கலா முன்னால் போய்க் கையைக் காட்டி வண்டிகளை நிறுத்த, சாலையைக் கடந்து வீட்டுக்கு வந்தோம். ரோஸி நேராகக் கட்டிலுக்கு அடியில் போய்விட்டாள்.

பயம் தீர்ந்துவிட்டதா என்றால்... இல்லை. கேட் தாழ்ப்பாளை ஒரு நாளைக்குப் பத்து முறை பார்க்கிறேன். எந்த பஸ் ஹாரன் அடித்தாலும் அவளுக்கு முன்னால் நான் திடுக்கிடுகிறேன். யூடியூப் வகுப்பு மட்டும் நின்றுவிட்டது.

நேற்றுக் காலை அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன். பின்னால் நகம் தரையில் உரசும் சத்தம். குதிகாலில் ஈரமாக ஏதோ பட்டது. மோந்து பார்க்கிறாள்! நான் மூச்சுக்கூட விடவில்லை. கரண்டி அப்படியே கையில் நின்றது.

தோசைதான் கருகிப் போனது.