டாக்டர் அம்மாவை ஏசிய கதை

எங்கள் வீட்டில் ஆங்கிலத்துக்குப் பொறுப்பு நான். வயது எட்டு. அப்பாவுக்கு நாங்கள் குடியேறிய நியூ லின்னில் கடை வேலை. அவருடைய ஆங்கிலம் விலையையும் அளவையும் தாண்டாது. அம்மாவுக்கு அதுவும் இல்லை. வாடகைக் கடிதம், பள்ளிக்கூட நோட்டீஸ், எது வந்தாலும் என் கைக்குத்தான் வரும். எனக்கும் அதில் பெருமை.

தம்பிக்கு ஆறு மாதமானபோது, இதயத்தில் ஏதோ சத்தம் கேட்கிறது என்று ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று வரவேற்பில் இருந்த பெண் கேட்டதை அம்மாவிடம் சொன்னேன்.

"ஏன், நீ இருக்கிறாய்தானே" என்றார் அம்மா.

டாக்டர் படத்தைக் காட்டி நீளமாகப் பேசினார். இதயம், துளை என்பதெல்லாம் புரிந்தது. கடைசியில் 'நெக்லிஜிபிள்' என்றார். அந்த வாரம்தான் பள்ளியில் 'நெக்லெக்ட்' படித்திருந்தோம். தண்ணீர் ஊற்றாமல் செடியைச் சாகவிட்ட ஒருவனைப் பற்றி வாக்கியம்கூட எழுதியிருந்தேன். இதுவும் அதே சொல்தான் என்று நினைத்தேன். ஆனால் டாக்டர் சிரித்த முகமாக இருந்தார். குற்றம் சொல்பவர் ஏன் சிரிக்கிறார்? குழம்பிப்போனேன். வெள்ளைக்காரர்கள் ஏசினாலும் மரியாதையாகத்தான் ஏசுவார்கள் என்று நானே முடிவுகட்டினேன்.

"என்னவாம்?" என்றார் அம்மா.

"இதயத்தில சின்ன ஓட்டையாம். நீங்கள் தம்பியைக் கவனிக்காமல் விட்டிட்டீங்களாம்."

எதைக் கவனிக்கவில்லை என்று கேட்கச் சொல்வார் என்று நினைத்தேன். அம்மா டாக்டரைப் பார்த்து, "ஓம், ஓம்" என்று தலையாட்டினார். டாக்டரும் மகிழ்ச்சியாகத் தலையாட்டினார்.

அடுத்த நாளே அம்மா முதியோர் இல்லத்துச் சமையலறை வேலையை விட்டார். தம்பி பிறந்த நாலாம் மாதம் தேடிப்பிடித்த வேலை அது. காலையில் அவனைப் பக்கத்து வீட்டு ஃபீஜிக்கார ஆன்ட்டியிடம் விட்டுவிட்டுப் போவார். அப்பாவிடம் சின்ன ஓட்டையை மட்டும் சொன்னார். ஏச்சு வாங்கியதைச் சொல்லவேண்டாம் என்று எனக்குக் கட்டளை. அதன்பிறகு தம்பி அம்மாவின் இடுப்பை விட்டு இறங்கவில்லை. அவன் தூங்கினால் மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பார்.

மூன்று வாரம் கழித்து, சான்ட்ரிங்ஹாமிலிருந்து அப்பாவின் அக்கா வந்தார். நன்றாக ஆங்கிலம் தெரிந்த மாமி. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கடிதத்தை அம்மா எனக்கும் காட்டாமல் ஒளித்து வைத்திருந்தார். அதை எடுத்து மாமியிடம் நீட்டி, நடந்ததைச் சொன்னார். மாமி இரண்டு தரம் படித்தார்.

"ஆர் உனக்கு அப்பிடிச் சொன்னது?"

அம்மா என்னைப் பார்த்தார்.

"கணக்கில எடுக்கத் தேவையில்லாத அளவு சின்னன் எண்டு போட்டிருக்கு. தானா மூடியிடுமாம்."

"ரெண்டும் ஒரே சொல்லுத்தானே, மாமி?" என்றேன்.

"இல்லையடி. நெக்லெக்ட் எண்டா பாக்கவேண்டியதைப் பாக்காமல் விடுறது. இது, பாக்காட்டிலும் பரவாயில்லை எண்டுறது."

எனக்கு இன்னும் குழம்பியது. பார்க்காமல் விடுவது ஒரு சொல்லில் குற்றம். வால் மாறினால் நல்ல செய்தியா?

"அப்ப அவர் என்னை ஏசேல்லையா?" என்று அம்மா மெதுவாகக் கேட்டார்.

மாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா தம்பியை அவர் மடியில் வைத்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்தார். தண்ணீர்ச் சத்தத்தையும் மீறி அழுகை கேட்டது. எனக்கு அடி விழும் என்று காத்திருந்தேன், விழவில்லை. தான் ஒரு பிழையும் செய்யவில்லை என்று தெரிந்த பிறகு ஒருவர் எதற்காக அழவேண்டும் என்று விளங்காமல், அந்தக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன்.