நைசாக அரைத்த மருந்து

இடது கை குட்டிக் கல்லுரலை அணைத்துப் பிடித்திருந்தது. வலது கை குழவியை உருட்டிக்கொண்டிருந்தது. கேப்சூலைப் பிரித்து உள்ளே இருந்த வெள்ளை மணிகளைக் கொட்டி, காலையிலேயே நறநறவென்று அரைத்துக்கொண்டிருந்தார் அந்த மனிதர். இரண்டு விரல்களுக்கு நடுவே ஒரு சிட்டிகை வைத்துத் தேய்த்துப் பார்த்தார். எங்கேயோ ஒரு மணி நெருடியது. மறுபடியும் குழவி உருண்டது.

மூக்குக்கண்ணாடிக்கு வில்லை தீட்டுவது அவர் தொழில். விளிம்பில் தூசியளவு சொரசொரப்பு இருந்தாலும் விரல் காட்டிக் கொடுத்துவிடும். அந்த வேலையில் அவரைக் குறை சொல்ல ஆள் கிடையாது. கோளாறு என்னவென்றால், உலகத்தில் உள்ள அத்தனையையும் வில்லை என்றே நினைத்துவிட்டார். உப்பு நைசாக இருக்க வேண்டும், சுவரில் அடிக்கிற பூச்சு நைசாக இருக்க வேண்டும். தெருவில் அவருக்கு நைசுக்காரர் என்றே பெயர். பாராட்டு என்று எண்ணி அவர் பூரித்துப்போவார்.

மருந்து அவருடைய கடைக்குட்டிக்கு. ஒன்பதாம் வகுப்பு படிக்கிற பெண். சாப்பிட்டது புளித்த தண்ணீராக நெஞ்சுக்கு ஏறிவரும். தொண்டை புண்ணாகி, குரல் கரகரத்து, சாப்பாட்டைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற நிலைமை. இவர் முதலில் போன் மேல் பழி போட்டார். "குனிஞ்சு குனிஞ்சு பார்த்தா வயித்துல இருக்கறது மேல வராம என்ன செய்யும்?" போனைப் பிடுங்கிப் பூட்டி வைத்தார். எரிச்சல் பூட்டுக்குள் போகவில்லை. அடுத்து, தன் நெஞ்செரிச்சலுக்குத் தான் குடிக்கிற பாட்டிலைத் திறந்து, கண்ணளவாக அவளுக்கும் ஊற்றினார். பெரியவர் மருந்து சின்னவளுக்கு ஆகுமா என்று யாரையும் கேட்கவில்லை. பள்ளிச் சட்டை தோளிலிருந்து நழுவுகிற அளவுக்குப் பெண் இளைத்த பிறகு, மனைவிதான் குழந்தை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டரம்மா அமிலச் சுரப்பைக் குறைக்கிற கேப்சூல் எழுதினார். முழுசாக விழுங்க முடியாவிட்டால் பிரித்து, உள்ளே உள்ள மணிகளை மசித்த ஆப்பிளில் தூவி, மெல்லாமல் விழுங்க வேண்டும். காலைச் சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால் என்று விளக்கினார். 'பிரித்து' என்பது வரைக்கும் நைசுக்காரர் கேட்டார். அதற்குமேல், டாக்டரம்மா போட்டிருந்த கண்ணாடியின் ஒரு வில்லை ஓரத்தில் தடித்திருப்பதை ஆராய்வதில் மும்முரமாகிவிட்டார்.

வீட்டுக்கு வந்து, தொழில் பூதக்கண்ணாடியைக் கண்ணில் மாட்டி மணிகளைப் பார்த்தார்.

"பாரு இவளே, ஒவ்வொண்ணுக்கும் மேல பூச்சு பூசியிருக்கான். அரைக்கச் சோம்பல்பட்டு அப்படியே அடைச்சு வித்திருக்கான் கம்பெனிக்காரன்."

"ஏங்க, டாக்டரம்மா அரைக்கச் சொல்லலையே" என்றாள் மனைவி.

"நைசா இருந்தாத்தான் உடம்புல ஒட்டும். நீ அடுப்பைப் பாரு."

இத்தனை சின்ன மணிக்கு ஒருத்தன் மெனக்கெட்டு எதற்குப் பூச்சு பூசினான் என்ற கேள்வி, பூதக்கண்ணாடி மாட்டியும் அவர் கண்ணில் படவில்லை.

அன்றிலிருந்து தினமும் அரைத்த கசப்பை வாயைக் கோணிக்கொண்டு விழுங்கினாள் பெண். வாரங்கள் போயும் எரிச்சல் இம்மியும் குறையவில்லை. இன்றைக்குத்தான் மறுபடி டாக்டரம்மா வரச் சொல்லியிருந்தார். கேட்டால் காட்ட வேண்டும் என்று உரலையும் துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார் நைசுக்காரர்.

"மருந்து கொஞ்சம்கூடக் கேக்கலைன்னா, கேமரா வச்ச குழாயை உள்ள விட்டுப் பார்க்க வேண்டியதுதான்" என்றார் டாக்டரம்மா.

பெண் அம்மாவின் முந்தானையைப் பிடித்தாள். "தொண்டை வழியாவா?"

"மயக்க மருந்து குடுத்துத்தான்மா. உனக்குத் தெரியாது."

"நான் அப்பவே நினைச்சேன், மருந்தே சரக்கு இல்லாத மருந்து" என்றார் நைசுக்காரர், எதிராளி தோற்ற மகிழ்ச்சியில். பெற்ற பெண் முந்தானையை விடாமல் உட்கார்ந்திருந்தது பக்கத்து நாற்காலியில்தான்.

டாக்டரம்மா அவரைப் பார்த்தார். "எப்படிக் குடுக்கறீங்க?"

இதற்காகவே காத்திருந்தவர்போல உரலை மேசைமேல் வைத்தார். ஒரு கேப்சூலைப் பிரித்துக் கொட்டி அரைத்தார். டாக்டரம்மா தடுக்கவில்லை. அரைத்து முடித்து, "தொட்டுப் பாருங்க, மாவு" என்றார்.

"மாவுதான். மருந்து இல்ல." டாக்டரம்மா உரலை ஒதுக்கினார். "இதுக்கு வயித்து அமிலம் ஆகவே ஆகாது. பட்டா வீணாப் போயிடும். அதைத் தாண்டிக் குடல்ல போய்க் கரையத்தான் அந்தப் பூச்சு. நீங்க குடையைக் கிழிச்சுட்டு மழைக்குள்ள அனுப்பியிருக்கீங்க."

"கரகரன்னு இருந்துச்சே..."

"இருக்கணும்."

"அப்போ நான் இத்தனை நாள் குடிச்சது?" என்றாள் பெண்.

"பெரும்பாலும் கசப்புதான் கண்ணு. குழாய் இப்போதைக்கு வேணாம். முதல்ல ஒழுங்காக் குடுத்துப் பார்ப்போம். எப்போ நிறுத்தணும்னு நான் சொல்வேன். உங்கப்பா சொல்லக் கூடாது."

வெளியே வந்து பேருந்துக்கு நிற்கும்போது மனைவி கையை நீட்டினாள். "அந்த உரலைக் குடுங்க."

"எதுக்கு?"

"மிளகு இடிக்க. அது ஒண்ணுதான் அதுல நைசாகணும்."

நைசுக்காரர் கொடுத்தார். தப்பு என்னுடையது என்று சொல்ல வாய் வரவில்லை. கம்பெனிக்காரன் டப்பாவில் பெரிய எழுத்தில் போட்டிருக்கலாம் என்று வீடு வரைக்கும் முணுமுணுத்தார்.

மறுநாள் காலையில் மனைவி ஆப்பிளை வேகவைத்து மசித்து, ஆற வைத்து, ஒரு கரண்டியில் எடுத்துக் கொடுத்தாள். நைசுக்காரர் கேப்சூலைப் பிரித்து அதன்மேல் தூவினார். ஒரு மணி கரண்டி ஓரத்தில் ஒட்டிக்கொண்டது. அதை நசுக்கக் கட்டைவிரல் தானாக நகர்ந்தது.

"அப்பா, கையை எடுங்க" என்றாள் பெண்.

எடுத்தார். அவள் மெல்லாமல் விழுங்கி, மேலே தண்ணீர் குடித்தாள். அரைமணி கழித்துச் சாப்பாடு என்று கடிகாரத்துக்கு எதிரே உட்கார்ந்தாள்.

அவர் கடைக்குப் போனார். வில்லை மாற்ற வந்த முதல் ஆளிடம், "இந்த அமில மாத்திரை இருக்கே, அதை அரைக்கவே கூடாது, தெரியுமா? நிறைய பேருக்கு அந்த விவரமே இல்ல" என்று சொல்லிக்கொண்டே தீட்டுகிற இயந்திரத்தைப் போட்டார்.