ஒன்பதாம் நாள் போட்ட கையெழுத்து

என் தம்பி கஞ்சா புகைத்த இரண்டு வருடமும் எங்கள் வீட்டில் அவனுக்குப் பக்திமான் என்றுதான் பெயர். அப்பாவுக்குத் தெரிந்த போதை சாராயம் ஒன்றே. தம்பி சாயங்காலம் கொள்ளிடக்கரையிலிருந்து திரும்பியதும் வாசலில் நிறுத்தி, "ஊதுடா" என்பார். அவன் ஊதுவான். ஏலக்காய் மணக்கும். அப்பா திருப்தியாக உள்ளே போய்விடுவார். வெங்காயமே நுழையாத வீட்டில் வேறு எது நுழைந்துவிடும் என்று அவருக்கு எண்ணம்.

கண் சிவந்திருக்கும். அதற்கும் அப்பாவிடம் காரணம் இருந்தது. தம்பி பக்கத்துத் தெருவிலிருந்த சிறிய கோயிலில் பாசுரம் சொல்லும் கோஷ்டியில் நிற்பவன். அதற்காகவே நான்கு வருடமாகக் குடுமி வளர்த்திருந்தான். சேவை முடிந்து எல்லோரும் போன பிறகும் சன்னதி முன்னால் அரைமணி நேரம் அசையாமல் நிற்பான். "பெருமாளைப் பார்த்தா நகரவே மாட்டேங்கறான். எனக்கே அப்படி ஒரு அனுபவம் கிடைச்சதில்லை" என்று அப்பா எதிர்வீட்டு மாமாவிடம் சொன்னதை நானே கேட்டேன்.

நான் திருச்சியில் ஒரு நாளிதழில் செய்தி திருத்துபவன். கஞ்சாச் செய்தி வராத வாரம் கிடையாது. இத்தனை கிலோ, இத்தனை பேர் கைது, மேசை மேல் பொட்டலங்கள், அதற்குப் பின்னால் தலைகுனிந்த ஆட்கள். எடையைச் சரிபார்ப்பேன், வயதைச் சரிபார்ப்பேன். ஒரே கூரையின் கீழ் தூங்கும் தம்பியின் கண்ணைப் பார்த்து எனக்கு ஒன்றும் புரியவில்லை.

ஒருநாள் கோஷ்டியில் பாசுரத்தின் நடுவே நிறுத்திச் சிரித்தான். சிரிப்பு நிற்கவில்லை, சிரித்துக்கொண்டே இருந்தான். அன்று மத்தியானம் அவனுடைய திருமண் பெட்டியைத் திறந்தேன். நெற்றியில் இட்டுக்கொள்ளும் திருமண் வைக்கும் பெட்டி, ஒருவருடையதை மற்றவர் தொடுவது எங்களுக்குள் வழக்கமில்லை. அதனால்தான் கஞ்சாப் பொட்டலத்தை அங்கே வைத்திருந்தான். எடுத்து அப்பாவிடம் காட்டினேன்.

தில்லை நகரில் ஒரு மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனேன். அவர் தம்பியைத் திட்டவில்லை. எப்போது புகைக்கத் தோன்றுகிறது, யாரோடு, புகைக்காத நாளில் என்ன ஆகிறது என்று கேட்டுக்கொண்டே போனார். தம்பி ஒரு மணி நேரம் பேசினான். வீட்டில் ஒரு வருடத்தில் அவ்வளவு பேசியதில்லை. கடைசியில் மருத்துவர் என்னை உள்ளே கூப்பிட்டார்.

"இதுக்குன்னு தனியா மாத்திரை கிடையாதுங்க. வாரா வாரம் வரட்டும், பேசிப் பேசித்தான் மாத்தணும். நிறுத்தினதும் முதல் ரெண்டு வாரம் கஷ்டமா இருக்கும். தூக்கம் வராது, பசிக்காது, எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழுவார். பயந்துடாதீங்க. அது நிறுத்தினதுக்கு அடையாளம்."

தொழில் பழக்கம், எல்லாவற்றையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். எழுதியதைத் திரும்பப் படிக்கவில்லை.

அந்த வாரமே தம்பி தூங்காமல் கூடத்தில் நடக்க ஆரம்பித்தான். பனியன் வியர்வையில் நனைந்து கிடக்கும். அப்பா சாதம் பரிமாறினால் தட்டைத் தள்ளுவான். ஒரு காலை, ரசத்தில் உப்பு அதிகம் என்று சாத்தமுதுப் பாத்திரத்தைச் சுவரில் எறிந்தான். சுடச்சுட அப்பாவின் கையில் பட்டது.

"இன்னிக்கு எவ்வளவு இழுத்தே?" என்று கேட்டேன்.

"நிறுத்திட்டேன் அண்ணா. ஒன்பது நாளாச்சு."

"அதான் சுவத்துல தெரியறதே."

அப்பா கொப்புளத்தின் மேல் எண்ணெய் தடவிக்கொண்டே, "அவன்தான் நிறுத்திட்டேங்கறானேடா" என்றார்.

"பக்திமான்னு நீங்கதானே சொன்னேள்" என்றேன். அவர் எண்ணெய்க் கிண்ணத்தோடு உள்ளே போனார்.

முசிறி சாலையில் ஒரு மறுவாழ்வு இல்லம் இருப்பதாக அலுவலகத்தில் ஒருவர் சொல்லியிருந்தார். அங்கே போன் செய்தேன். அன்று மாலையே வேன் வந்தது. நான்கு பேர். படிவத்தை அப்பாவிடம்தான் முதலில் நீட்டினார்கள். அவர் பேனாவை வாங்கவில்லை. "வேண்டாம்டா. டாக்டரை ஒரு வார்த்தை கேளு" என்றார். நான் வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். தம்பி அப்போது உள்அறையில் இருந்தான். அவன் துண்டாலேயே கையைக் கட்டி வெளியே கொண்டுவந்தார்கள். வேனில் ஏறும்போது அப்பாவைத்தான் பார்த்தான். தெருவில் எல்லா வாசலிலும் ஆட்கள் நின்றார்கள்.

மூன்று மாதம். முதல் மாதம் பார்க்க விடவில்லை. இரண்டாவது மாதம் கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றான். பேன் வரும் என்று தலையை முழுக்க மழித்திருந்தார்கள். குடுமி இல்லை. உள்ளங்காலைத் தரையில் முழுதாக ஊன்ற முடியாமல் நின்றான். "அடிக்கறாளா?" என்று கேட்டேன். பக்கத்தில் நின்ற காப்பாளரைப் பார்த்துவிட்டு, "நன்னா பாத்துக்கறா" என்றான். அந்த வாரம்தான் மருத்துவர் சொன்னதை எழுதிய குறிப்பேட்டைப் புரட்டிப் படித்தேன். 'அது நிறுத்தினதுக்கு அடையாளம்' என்று முடிந்திருந்தது. அவனை வெளியே கொண்டுவரலாமா என்று யோசித்தேன். கொண்டுவந்தால் நான் கையெழுத்துப் போட்டது தப்பு என்றாகும். மூன்றாவது மாதமும் விட்டுவைத்தேன்.

திரும்பி வந்த அன்று தெருமுனையில் கோஷ்டிக்காரர் ஒருவர் கேட்டார். "என்ன ஸ்வாமி, குடுமியையும் சேர்த்துப் பெருமாளுக்கே குடுத்துட்டேளா?" கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். தம்பி நிற்காமல் நடந்தான். வீட்டு வாசலுக்கு வந்ததும் என்னிடம் கேட்டான்:

"கையெழுத்து யார் போட்டா?"

"அப்பா" என்றேன்.

அன்றிலிருந்து அவன் அப்பாவோடு பேசுவதில்லை. இலை போட்டுக் கூப்பிட்டபோது, "அந்தக் கையால போட்டது எனக்கு வேண்டாம்" என்று சொல்லி எழுந்து போனான். அப்பா கையிலிருந்த கரண்டியோடு என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. கொல்லைப்பக்கம் வந்து, தணிந்த குரலில், "நான்தான்னே இருக்கட்டும்" என்றார். "உன்கிட்டயும் பேசலேன்னா, அவனை டாக்டர்கிட்ட யாருடா கூட்டிண்டு போவா?"

இப்போது வாராவாரம் நான்தான் அழைத்துப் போகிறேன். தம்பி புகைப்பதில்லை. கெட்ட கனவுகள் வருகின்றன. கொள்ளிடப் பக்கம் போவதில்லை. தலைமுடி ஒரு விரல் அளவு வளர்ந்திருக்கிறது. போன வாரம் மருத்துவர் சொன்னார்:

"இவ்வளவு தூரம் வந்துட்டார். ஆனா பேச்செல்லாம் அப்பாவோட கையெழுத்துலயே வந்து நிக்குது. அந்தக் கோபம் உள்ளேயே கிடந்தா ஒருநாள் திரும்பவும் பொட்டலத்தைத் தேடிப் போவார். அடுத்த தடவை அப்பாவைக் கூட்டிட்டு வாங்க. எதிர்ல உட்காந்து கேட்கட்டும்."

"அப்பாவுக்கு முட்டி வலி சார். மாடி ஏற முடியாது."

"நான் கீழ வந்து பேசறேனே."

"கேட்டுப் பார்க்கறேன்."

இன்னும் கேட்கவில்லை. அன்று கீழே வந்து வண்டியைக் கிளப்பினேன். தம்பி பின்னால் ஏறி என் தோளைப் பிடித்துக்கொண்டான். காவிரிப் பாலம் தாண்டும்போது, "நீ மட்டும் இல்லேன்னா நான் என்ன ஆகியிருப்பேன் அண்ணா" என்றான். போக்குவரத்து அதிகமாக இருந்தது. சாலையைப் பார்த்து ஓட்டினேன்.