கோழி இறகு வைத்த பூர்வக்குடிகள்

எண்பதுகளின் நடுவில், மலேசியாவில் பத்தாங் பெர்ஜுந்தாயிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு செம்பனைத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் நான் தற்காலிக ஆசிரியை. தோட்டத்து எல்லையைத் தாண்டினால் ஒராங் அஸ்லி எனப்படும் பூர்வக்குடிகளின் கம்பம், சின்னக் கிராமம். அந்த மக்களை எங்கள் லயங்களில் ‘சக்காய்’ என்பார்கள். பிள்ளைகளைத் திட்டுவதற்கும் அதே சொல்தான்.

பள்ளிகள் இன நல்லிணக்க விழா நடத்த வேண்டும் என்று ஒரு நாள் மேலிடத்து உத்தரவு வந்தது. அன்று மாலையே எங்கள் தலைமையாசிரியருக்குப் பூர்வக்குடிகள் மேல் அளவில்லாத அன்பு பிறந்துவிட்டது. மற்ற பள்ளிகள் சீன நடனம், மலாய் நடனம் என்று போகும். நாம் புதுசாகச் செய்தால் மாவட்ட அதிகாரியின் கண்ணில் படுவோம் என்று நினைத்தார்.

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சாக்குப் பாவாடை கட்டினார். முகத்தில் கரி, தலையில் கோழி இறகு.

“சார், இறகு வைக்கிறது அமெரிக்காவுல இருக்கிறவங்க. சினிமாவுல பாத்திருப்பீங்க,” என்றேன்.

“பூர்வக்குடின்னா எல்லாம் பூர்வக்குடிதான் டீச்சர். கொழப்பாதீங்க.”

“அப்ப பக்கத்துக் கம்பத்துலேருந்து நாலு பேரக் கூப்பிடலாமே?”

அவர்களைக் கொண்டாட அவர்களையே அழைக்கலாம் என்பது அவருக்குத் தோன்றியதே இல்லை. “வந்தா நாக்காலியில உக்காருவாங்களா?” என்று கேட்டார். கிண்டலுக்காக அல்ல, உண்மையாகவே கேட்டார்.

கடைசியில் அவரும் ஒப்புக்கொள்ள, கம்பத்துக்குச் சொல்லியனுப்பினேன். விழாவன்று அங்கிருந்து ஓர் அம்மாள் தன் மகளையும் இன்னும் சிலரையும் கூட்டிக்கொண்டு வந்தார். தோட்டத்தில் எங்கள் பெண்களோடு களை எடுக்கிறவர். மலாய்ப் பெண்கள் உடுத்தும் பூப்போட்ட பாஜு கூரோங், பவுடர் பூசிய முகம். தலைமையாசிரியரின் முகம் வாடிவிட்டது. இலை, தழை ஏதாவது எதிர்பார்த்திருப்பார். செவிடரிடம் பேசுவதுபோல, “செலாமாட்... டாத்தாங்!” என்று மலாயில் கத்தி வரவேற்றார்.

“நல்லாக் கேக்குது சார். ஏன் கத்துறீங்க?” என்றார் அம்மாள், சுத்தமான தோட்டத்துத் தமிழில்.

நடனம் தொடங்கியது. பிள்ளைகள் வாயில் தட்டி ‘ஊ ஊ’ என்று ஊளையிட்டபடி சுற்றிச் சுற்றி ஓடினார்கள். அம்மாளின் மகள் ஏதோ கேட்க, அவர் பதில் சொல்ல, அந்த வரிசையே குலுங்கிச் சிரித்தது. என்ன என்று விசாரித்தேன்.

“இவங்கல்லாம் யாருன்னு கேக்குறா டீச்சர். கோழிங்க போலன்னு சொன்னேன்.”

நாம் எல்லாரும் ஒரே குடும்பம் என்று மாவட்ட அதிகாரி மலாயில் பேசி முடித்து, அம்மாளையும் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார். அவர் ஒலிபெருக்கியைப் பிடித்துத் தமிழிலேயே தொடங்கினார்.

“சாப்பிடக் குடுத்த மீகூன் நல்லாருந்துச்சு. செம்மண் ரோட்டுல போட்ட கேட்டத் தொறந்து விடுங்க. எங்க பிள்ளைங்க ஸ்கூலுக்கு அந்த வழியாத்தான் போவும். இப்ப ஆத்தோரமா சுத்திப் போவுதுங்க.”

செம்பனைப் பழம் திருடு போகிறது என்று அந்தக் கேட்டைப் பூட்டியவர் தோட்டத்து ஆபீஸில் கணக்கு பார்க்கும் கிராணி. அவர்தான் எங்கள் பெற்றோர் சங்கத் தலைவர். முன்வரிசையில் மாலையோடு உட்கார்ந்திருந்தார்.

தலைமையாசிரியர் பாய்ந்து போய் அதிகாரிக்கு மொழிபெயர்த்தார்: அழைத்ததற்கு மிகவும் நன்றி சொல்கிறாராம். அம்மாள் அவரை ஒருமுறை பார்த்துவிட்டு, தான் சொன்னதை அப்படியே மலாயில் திருப்பிச் சொன்னார். அதிகாரி கிராணியைப் பார்த்தார். கிராணி கூரையைப் பார்த்தார். “கவனிக்கிறோம்,” என்று சொல்லிவிட்டு அதிகாரி காரில் ஏறினார்.

திங்கட்கிழமையும் கேட் பூட்டித்தான் கிடந்தது. அன்று காலை களை எடுக்கிற எங்கள் பெண்கள் மண்வெட்டிகளோடு அதன் முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். நான் பள்ளிக்குப் போகிற வழி அது, சைக்கிளை நிறுத்தினேன். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் வந்து அதட்டிப் பார்த்தார், ஒருத்தியும் எழவில்லை. கடைசியில் கிராணி மோட்டார் சைக்கிளில் வந்தார்.

“ஒங்களுக்கு என்னம்மா வந்துச்சு? சக்காய்ங்களுக்காக...”

“எங்ககூட வேல செய்யிற பொம்பள அது. ஒழுங்காப் பேசு. மொதல்ல சாவிய எடு,” என்றாள் ஒருத்தி.

அந்தப் பெண்களில் இரண்டு பேரின் பிள்ளைகள்தாம் இறகு வைத்து ஆடியவர்கள்.

கிராணி சாவியை எடுத்தார். கம்பத்துப் பிள்ளைகள் சீருடையோடு உள்ளே வர, பெண்கள் பாவாடையைத் தட்டிவிட்டு வேலைக்குக் கிளம்பினார்கள். எனக்கு அன்றைக்குப் பாடமே ஓடவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

கேட் திறந்தது விழாவின் வெற்றி என்று தலைமையாசிரியர் மேலிடத்துக்கு எழுதினார். மறு ஆண்டு அம்மாளை அழைக்க அவரே நேரில் போனார்.

“வேல கெடக்கு சார். நீங்களே கொண்டாடிக்குங்க,” என்றாராம் அம்மாள்.